கண்ணாயி கையால் கொடுத்த மாத்திரை

எனக்கும் கண்ணாயிக்கும் பேச்சு நின்று பல வருஷம் ஆகிறது. அவள் என் பெரியப்பா மகன் கருப்பண்ணனின் மனைவி. முறைக்கு எனக்கு அண்ணி. எங்கள் இரண்டு பேர் காட்டுக்கும் நடுவில் ஒரு பலாமரம் நிற்கிறது. அதன் கிளை என் பக்கம் சாய்ந்திருக்கிறதே என்று நான் காய் இறக்கப்போக, அவள் அரிவாளோடு வந்து என் வம்சம் முழுவதையும் இழுத்து வைத்துப் பேசிவிட்டாள். அதனால் இதைப் பாசத்தில் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பஸ் திரும்புகிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் என் பெஞ்சில் உட்கார்ந்து, நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே, அவள் மகனுக்கு விஷம் வைத்தவள் என்று பேசுகிறார்கள். எனக்கு ஆகாதவளாகவே இருக்கட்டும், அதற்காகப் பொய்யைக் கேட்டுக்கொண்டு என்னால் டீ ஆற்ற முடியாது.

கண்ணாயி பிறவிச் சண்டைக்காரி. கருப்பண்ணன் காய்ச்சலில் செத்தபோது அவளுக்குச் சின்ன வயது. மகள் யமுனா கைப்பிள்ளை, மகன் சந்தோஷ்குமார் வயிற்றில். சொந்தக்காரர்கள் காட்டைப் பிடுங்கப் பார்த்தார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் போய் உட்கார்ந்தவள், ஏர் பூட்டி வந்தவனைத் தாண்ட விடவில்லை. வனத்துறை ஆளோடு சண்டை, வாத்தியாரோடு சண்டை. ரேஷன் கடைக்காரன் அவள் தலை தெரிந்தாலே தராசைத் துடைத்து வைப்பான். வாயை மூடிக்கொண்டிருந்தால் மரவள்ளிக்கிழங்கு நடக்கூட இடம் இல்லாமல் போயிருப்பாள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவளைச் சண்டைக்காரி என்கிறோம், நானும் சேர்த்துத்தான்.

சந்தோஷ்குமார் பத்தாவதில் கணக்கில் தவறினான். எங்கள் மலையில் பத்தாவது தவறிய பையன்கள் கீழே இறங்கி ரிக் லாரியில் ஏறிவிடுவார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த லாரிகளோடு ஊர் ஊராகச் சுற்றுவார்கள். இவனும் போனான். கொஞ்ச நாளில் தூக்கம் கெட்டது. தோண்டிய துளைக்குள்ளிருந்து யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொன்னான். கூட வேலை செய்தவர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போய், துளையில் காதை வைக்கச் சொல்லிச் சிரித்தார்கள். தினமும் இதே வேடிக்கை. கீழே ஒரு தோட்டத்தில் துளை போட்டுக்கொண்டிருந்த நாளில், அப்படிச் சிரித்த ஒருவனை இரும்புக் குழாயால் அடித்துவிட்டான். அடிபட்டவனுக்கு ஒரு கண் போய்விட்டது. அது பெரிய பாவம், இல்லையென்று நான் சொல்லவில்லை. சந்தோஷுக்கு அப்போது பதினேழு வயது. வயதைப் பார்த்து ஜெயிலுக்கு அனுப்பாமல் சிறுவர்களை வைக்கிற சிறப்பு இல்லத்துக்கு அனுப்பினார்கள். ஊர் அதற்குச் 'சின்ன ஜெயில்' என்று பெயர் வைத்தது.

அவனுக்கு நல்லது நடந்தது அங்கேதான். சொல்ல எனக்கே எரிச்சலாக இருக்கிறது. இல்லத்துக்கு வாரம் தவறாமல் ஒரு டாக்டர் வந்தார். துளைக்குள் குரல் கேட்ட கதையைச் சிரிக்காமல் கேட்ட முதல் ஆள் அவர்தான். இது ஒரு நோய், மாத்திரை போட்டால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும் என்று புரியும்படி சொன்னார். மாத்திரை போட்டதும் குரல் நின்றது. விழுங்கினானா என்று பார்க்க, காவலாள் தினமும் வாயைத் திறந்து காட்டச் சொல்வானாம். பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்த வரைக்கும் டாக்டர் அவனைத் தேடி வந்தார். கதவைத் திறந்து வெளியே விட்ட நாளிலிருந்து டாக்டரைத் தேடி இவன் அலைய வேண்டியிருந்தது.

நன்னடத்தை பார்த்து, காலம் முடிவதற்கு முன்பே விட்டார்கள். விடும்போது நன்னடத்தை அலுவலர் தரணிதரன் தாயையும் மகனையும் உட்கார வைத்து ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னார். "மாத்திரைய விட்டுட்டான்னு தெரிஞ்சா மறுபடி உள்ளதாம்மா. இப்ப வயசும் ஆயிப்போச்சு. போற எடம் பெரிய ஜெயிலாத்தான் இருக்கும்." கண்ணாயி அதை மறக்கவில்லை. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு தன் கையாலேயே மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தாள். அவன் விழுங்கிவிட்டு, பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து காட்டுவான். "மூடு சாமி, நானென்ன போலீஸா?" என்பாள்.

அந்த மாத்திரை மலைமேல் கிடைக்காது. கீழே ஒரு ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு ஒரு புதன்கிழமை, அதுவும் மதியத்துக்குள். எங்கள் ஊரிலிருந்து செம்மேடு, அங்கே பஸ் மாறி காரவள்ளி வரைக்கும் வளைந்து வளைந்து இறங்கி, அப்புறம் இன்னும் ஒரு பஸ். மாத்திரை போட்ட உடம்புக்கு அந்த வளைவுகள் ஆகாது. பையன் ஜன்னல் ஓரமாக வாந்தி எடுத்துக்கொண்டே போவான். போய்ச் சேரும்போது டோக்கன் முடிந்திருக்கும்.

முதல் தடவை அவர்கள் போன அன்று நானும் அங்கே இருந்தேன், பல் பிடுங்கப் போயிருந்தேன். வீங்கின தாடையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். டோக்கன் கொடுக்கிற ஆள் பையனின் சீட்டை வாங்கி, வரிசை முழுவதற்கும் கேட்கிற மாதிரி படித்தான்.

"சிறப்பு இல்லமா? ஜெயில் கேஸா நீ? கூட போலீஸ் வரலியா?"

வரிசை சட்டென்று விலகியது. ஒரு பெண் தன் மகளை இழுத்து முதுகுக்குப் பின்னால் விட்டுக்கொண்டாள். சந்தோஷ் தரையைப் பார்த்தான்.

"ஏனுங்க, ஒரு மைக் வாங்கி வெச்சுப் பேசுங்க. ரோட்டுல போறவங்களுக்குக் கேக்கல" என்றாள் கண்ணாயி.

"மரியாதையாப் பேசும்மா."

"மரியாதைய மொதல்ல நீங்க வெளிய எடுங்க. எவ்வளவு இருக்குதுன்னு பாத்துட்டு நான் குடுக்கறேன்."

டோக்கன் முடிந்துவிட்டது, அடுத்த மாதம் வா என்றான் அவன். கண்ணாயி வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தாண்டி ஒருவரும் போக முடியவில்லை. கடைசியில் டாக்டர் மேனகாவே எழுந்து வந்து உள்ளே கூட்டிப்போனாள். அவள் கெட்டவள் இல்லை. ஆனால் வாசல் நிறைய கூட்டம் நிற்கிறது. தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, குரல் கேட்கிறதா என்று கேட்டாள். பதிலை எழுதினாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். இப்படியே மாதம் தவறாமல் மூன்று கேள்வியும் ஒரு சண்டையுமாக மாத்திரை வந்தது. ஒரு மாதம் வெள்ளை, ஒரு மாதம் மஞ்சள், எந்தக் கம்பெனி சரக்கு வருகிறதோ அது.

தை பிறந்ததும் மிளகு பழுத்தது. எங்கள் மலையில் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தில் ஏறும். ஒற்றை மூங்கிலில் கணுக்களை விட்டுச் செதுக்கிய ஏணியை மரத்தில் சாய்த்து, ஒருவன் ஏறிப் பறிப்பான், ஒருவன் கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வான். பிடிக்கிறவன் கை விட்டால் மேலே இருப்பவன் கதை முடிந்தது. இதில் கூலி கிடையாது. பத்துப் பதினைந்து வீட்டு ஆண்கள் ஒரு கூட்டாகச் சேர்ந்து, இன்று இவன் காடு, நாளை அவன் காடு என்று முறைவைத்துப் பறிப்பார்கள். எந்த வீட்டிலிருந்து ஆள் வரவில்லையோ அந்த வீட்டுக் கொடிக்குக் கூட்டு போகாது. பழம் உதிர்ந்து மண்ணோடு போகும்.

சந்தோஷ் ஏணிக்கு வரக்கூடாது என்றார்கள். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி வீட்டு வாசலில் கண்ணாயி போய் நின்றாள்.

"என்ற மகன் வராட்டி என்ற காட்டுக்கு நீங்க வரமாட்டீங்க. பழம் கொட்டிப்போகட்டும்னு பாக்கறீங்களா, இல்ல நான் காட்ட வித்துட்டுப் போகட்டும்னு பாக்கறீங்களா?"

"ஒருத்தன் கண்ணப் புடுங்கினவன் கையில ஏணியக் குடுக்கச் சொல்ற."

"அதுக்குத்தான் உள்ள இருந்துட்டு வந்தான். உங்க மகன் ரோட்டுல ஆள் மேல வண்டிய உட்டுட்டு வந்தானே, அவன் எங்க இருந்துட்டு வந்தான்?"

அர்த்தனாரிக்கு முகம் கறுத்துப்போனது. வாயை அடைப்பதற்காகவே சேர்த்துக்கொள்ளச் சொன்னார். கூட்டுக்குத் தலைமையாக இருந்த அண்ணாமலைக்கு அது பிடிக்கவில்லை. அதை அவன் மறைக்கவும் இல்லை.

மாத்திரை போட்டவனுக்குக் காலையில் தூக்கம் கண்ணை இழுக்கும். வெயில் ஏறுகிற வரைக்கும் சந்தோஷ் தள்ளாடித்தான் நடந்தான். ஏணியில் நாலு கணு ஏறி அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நின்றான். கீழே இருந்தவர்கள் கைதட்டினார்கள். "தூங்குமூஞ்சிய எறக்குங்கப்பா. இவன் உழுந்து செத்தா கொலைக்கேஸ் நம்ம மேல வரும்" என்றான் அண்ணாமலை. நாளைக்கும் இப்படியே வந்தால் கூட்டில் இடம் இல்லை என்று சொல்லியனுப்பினார்கள்.

கண்ணாயி அப்போது செய்ததை எங்கள் ஊரில் எந்த வீட்டுக்காரியும் செய்திருப்பாள். பறிப்பு முடிகிற வரைக்கும் சர்க்கரை மாத்திரையை ஒதுக்கி வைக்கிறவர்களை எனக்குத் தெரியும். பிரஷர் மாத்திரையை நிறுத்தியவர்கள் இதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். மரம் ஏறுகிறவன் தலை தெளிவாக இருக்க வேண்டும், மாத்திரையை அறுவடை முடிந்து பார்த்துக்கொள்ளலாம், இதுதான் இங்கே வழக்கம். ஆனால் சந்தோஷ் நிறுத்த மாட்டான். நிறுத்தினால் திரும்பும் என்று அந்த டாக்டர் சொன்னது அவன் மனதில் பதிந்திருந்தது. அதனால் கண்ணாயி அவனை ஏமாற்றினாள். பிரசவத்துக்கு வந்திருந்த யமுனாவுக்கு நர்ஸ் கொடுத்த சத்து மாத்திரையை எடுத்து அவன் கையில் வைத்தாள். "இந்த மாசம் ரெண்டு கம்பெனி கலந்து குடுத்திருக்காங்க சாமி." அவன் நம்பினான். மாதா மாதம் வேறு வேறாகத்தானே வந்துகொண்டிருந்தது. விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினான்.

அடுத்த மாதப் புதன்கிழமை, பறிப்பு கெட்டுவிடும் என்று அவனை விட்டுவிட்டுத் தனியாகக் கீழே போனாள். ஆள் வராமல் மாத்திரை கிடையாது என்றவர்களோடு மல்லுக்கட்டி வாங்கி வந்தாள். கொண்டுவந்து சாமைப் பானைக்குள் போட்டு மூடி வைத்தாள். அலுவலர் கேட்டால் வாங்கியதைக் காட்ட வேண்டும் அல்லவா?

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பையன் தெளிந்தான், மளமளவென்று ஏறினான், கொத்துக் கொத்தாக இறக்கினான். அண்ணாமலை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான். கண்ணாயி காட்டில் கூட்டு இறங்கி முழுக்கப் பறித்துக் கொடுத்தது. அந்த நாட்களில் அவள் என் கடைப்பக்கமாகப் போகும்போது தலை நிமிர்ந்து போனாள். பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

மாசியில் அவனுக்குத் தூக்கம் கெட்டது. மர உச்சியில் நின்றுகொண்டு யாருக்கோ பதில் சொன்னான். கேட்டவர்கள் பாட்டுப் பாடுகிறான் என்று விட்டுவிட்டார்கள். அம்மாவிடம் மட்டும் போய்ச் சொன்னானாம். "அம்மா, மாத்திரை போட்டும் கேக்குதும்மா." அவள் பயந்துபோய், அன்றைக்கே பழைய மாத்திரையைக் கொடுக்கலாமா என்று யோசித்திருக்கிறாள். இன்னும் இரண்டு காடுதான் பாக்கி, முடித்துவிடலாம் என்று விட்டுவிட்டாள். இதை யமுனா என்னிடம் சொன்னபோது, அந்தப் பொம்பளையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

கடைசிக் காடு அர்த்தனாரியுடையது. அண்ணாமலை மேலே, சந்தோஷ் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். யாரோ கூப்பிட்டது போலத் திரும்பினான். "வாரேன், வாரேன்" என்று சொல்லிக்கொண்டே ஏணியை விட்டுவிட்டு ஓடைப்பக்கம் நடந்து போனான். மூங்கில் உருண்டது. அண்ணாமலை கொடியோடு கீழே வந்தான். தொடை எலும்பு முறிந்த சத்தத்தைக் காதால் கேட்டோம் என்று நாலு பேர் சொல்கிறார்கள். அதில் இரண்டு பேர் அன்று ஊரிலேயே இல்லை.

சந்தோஷைத் துரத்திப் பிடித்து, அடித்து, அந்த மரத்திலேயே கட்டினார்கள். மிளகு மூட்டை கட்டுகிற கயிறு. நான் கடையை விட்டுவிட்டு ஓடினேன். கண்ணாயி குறுக்கே விழுந்து கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். அவளையும் இழுத்து எறிந்தார்கள். கொலைகாரன், மறுபடி உள்ளே போட வேண்டும், இந்தத் தடவை வெளியே விடக்கூடாது என்று கத்தினார்கள். சின்னப் பிள்ளைகள் அவன் மேல் மண்ணாங்கட்டி எறிந்தார்கள். ஒரு பெரிய மனிதனும் தடுக்கவில்லை. அந்த ஊரில்தான் நான் இன்னமும் டீ விற்றுக்கொண்டிருக்கிறேன்.

தரணிதரன் வேறொரு விசாரணைக்காகச் செம்மேட்டுக்கு வந்திருந்தவர், போன் போனதும் மத்தியானம் ஜீப்பில் வந்து சேர்ந்தார். முதலில் கட்டை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தார்கள். அப்புறம் அவனைத் தரையில் உட்கார வைத்துக் கேட்டார்.

"மாத்திரை போட்டியா?"

"தினமும் போட்டேன் சார். அம்மா கையில குடுக்கும். நாக்குக்கு அடியில ஒளிக்கல சார். பாருங்க."

அவன் வாயைத் திறந்து காட்டினான். உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. கூட்டம் சிரித்தது.

"பொய்யுங்க சார். துப்பியிருப்பான். மாத்திரை போட்டவன் இப்படிப் பண்ணுவானா?" என்றார் அர்த்தனாரி.

"மாத்திரைய விட்டா என்ன ஆகும்னு அன்னிக்கே சொன்னேன். ஞாபகம் இருக்குதா?" என்றார் தரணிதரன்.

"போட்டேன் சார். எனக்குத்தான் முத்திப்போச்சாட்ட இருக்குது சார். மாத்திரைக்கும் அடங்கல."

ஊரில் யார் வாய் ஓய்ந்தாலும் கண்ணாயி வாய் ஓயாது.  அன்று மகனுடைய திறந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் வீட்டுப்பக்கம் திரும்பி ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஓடிப்போகிறாள் என்று ஒருத்தி சொன்னாள். திரும்பி வரும்போது சாமைப் பானையைத் தூக்கி வந்தாள். அலுவலரின் காலடியில் கவிழ்த்தாள். சாமையோடு சாமையாக, பிரிக்காத மாத்திரை அட்டைகள் விழுந்தன.

"அவன் பொய் சொல்லல. நான்தான் குடுக்கல. யமுனாவுக்கு வந்த சத்து மாத்திரையக் குடுத்து ஏமாத்துனேன். தூங்குமூஞ்சின்னு கைதட்டுனீங்களே, அதுக்குத்தான் நிறுத்துனேன். மிளகு முடிஞ்சதும் குடுக்கலாம்னு இருந்தேன். அண்ணாமலை கால் ஒடஞ்சதும் என்னாலதான். கட்டறதுன்னா என்னைக் கட்டுங்க. அவன் ஒரு நாள் தப்பல சார். ஒரு நாள்."

ஜென்மத்தில் தன் மேல் தப்பு என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அதையும் அவள் சண்டை போடுகிற குரலில்தான் சொன்னாள்.  எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, இவ்வளவு பேரும் சேர்ந்து அவளை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியதற்கு எங்கள் மேலும் கோபம் வந்தது.

சந்தோஷ் ஒரு அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப இதப் போட்டிருந்தா கேட்டிருக்காதாம்மா?"

"கேட்டிருக்காது கண்ணு."

அவன் அழுதான். பயத்தில் அழுகிற அழுகை இல்லை அது. தனக்கு முற்றிப்போகவில்லை, மருந்து இன்னும் இருக்கிறது என்று தெரிந்ததும் வந்த அழுகை. அழுது முடித்துவிட்டுத் தாயைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் தாங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தரணிதரன் அன்றே அவனைக் கீழே கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பையன் நிபந்தனையை மீறவில்லை என்று அவர் எழுதியதால் ஜெயில் தப்பியது. இனி மாத்திரை அவன் கையில்தான் இருக்க வேண்டும், தாய் தொடக்கூடாது என்றும் சேர்த்து எழுதினார். டாக்டர் மேனகா கண்ணாயியை நிற்கவைத்துத் திட்டியிருக்கிறாள். "காலைல மயக்கமா இருக்குதுன்னா என்கிட்ட சொல்றதில்லையா? பொழுது சாயவே போட்டுக்கன்னு மாத்தி எழுதியிருப்பேன். மரம் ஏறுவான்னு ஏன் சொல்லல?" கண்ணாயி, "என்ன வேலைன்னு நீங்க எப்பங்க கேட்டீங்க?" என்றாளாம்.  யமுனா சொன்னது இது.

இப்போது பையன் வீட்டில்தான் இருக்கிறான். குரல் இல்லை. மாதா மாதம் முதல் பஸ்ஸில் தனியாகக் கீழே போகிறான், வாந்தி எடுத்துக்கொண்டே போகிறான், டோக்கன்காரனிடம் தன் வாயாலேயே எந்த இல்லம் என்று சொல்கிறான். அண்ணாமலை கம்பு ஊன்றி நடக்கிறான். ஏணிப்பக்கம் சந்தோஷை யாரும் விடுவதில்லை, அவனும் கேட்பதில்லை. கைதட்டிச் சிரித்தவர்கள்தான் இப்போது கண்ணாயிக்கு விஷக்காரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இனி என் கடையில் அந்த வார்த்தையைச் சொல்கிறவனுக்கு டீ கிடையாது.

போன வாரம் சாயங்காலம் மாட்டைப் பிடிக்க வரப்புக்குப் போனேன். அவர்கள் வாசல் அங்கிருந்து நன்றாகத் தெரியும். சந்தோஷ் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்து, ஒரு மாத்திரையை விழுங்கினான். கண்ணாயி களித்தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் உடனே சாப்பிடவில்லை. களியை இரண்டாகப் பிட்டான், அப்புறம் நாலாகப் பிட்டான். ஒவ்வொரு துண்டையும் விரலால் நசுக்கி, உள்ளே எதுவும் இல்லையே என்று பார்த்தான். அவளிடம் கோபமாக எதுவும் சொல்லவில்லை, நிதானமாகத்தான் செய்தான். கண்ணாயி குழம்புக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அவன் பார்த்து முடித்துத் தலையாட்டின பிறகுதான் ஊற்றினாள்.